தனியாகக் கச்சேரிக்குப் போகத் தயங்குபவருக்கு

வணக்கம். மார்கழிக் கச்சேரி கேட்க ஆசை, ஆனால் சபா வாசல் வரை வந்து திரும்பிவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். திரும்பும்போது கிடைக்கும் அந்த நிம்மதிதான் அடுத்த முறை பயத்தைக் கூட்டுகிறது.

மாலைக் கச்சேரியில் தொடங்க வேண்டாம். சென்னையில் பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை, கூட்டமும் குறைவு. 15 நிமிடம் முன்னதாகவே போய்ப் பின்வரிசை ஓரத்தில் உட்காருங்கள். நிறைந்த அரங்கில் நுழைவது இன்னும் கடினம். படபடப்பு ஏறும், அப்போது எழுந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் இறங்கும். பாதியாகக் குறைந்தபின் கிளம்பலாம். செல்போனைப் பையிலேயே வையுங்கள், பாடுபவர் தாளம் போடும் கையைக் கவனியுங்கள். பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் பலர் எழுந்து போவார்கள். நீங்கள் இருந்து கேளுங்கள், மிருதங்கம் அவ்வளவு அழகு! வாரம் 3 முறையாவது போங்கள். இடைவெளி நீண்டால் தயக்கம் திரும்பிவிடும்.