ஆல்போர்க்கில் குரூப் ப்ராஜெக்ட்: மகளை யாரோடு சேரச் சொல்வது?

ஐயா, வணக்கம். டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் உங்கள் மகளுக்கு முதுகலை இடம் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி. குரூப்பில் மற்றவர்கள் வேலை செய்யாவிட்டால் இவள் மதிப்பெண் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி.

1974-இல் தொடங்கியதிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடமுறையே ப்ராஜெக்டை நம்பித்தான் இருக்கிறது. செமஸ்டரின் 30 கிரெடிட்டில் ஏறக்குறைய பாதி அதற்கே போய்விடும். நிஜமான ஒரு பிரச்சினையை எடுத்து, மாதக்கணக்கில் சேர்ந்து உழைத்து, எல்லோருமாக ஒரே அறிக்கை எழுதுவார்கள். வைவா (வாய்மொழித் தேர்வு) சேர்ந்து நடந்தாலும் மதிப்பெண் ஆளுக்கு ஆள் தனி. ஆகவே அந்தப் பயம் வேண்டாம்.

என் கவலை வேறு. குரூப்பைப் பெரும்பாலும் மாணவர்களே அமைத்துக்கொள்கிறார்கள். புது ஊர், குளிர், தனிமை. நம் பிள்ளைகள் நம்மவர்களோடே ஒட்டிக்கொள்வது இயல்பு. வீட்டுக்கும் சமையலுக்கும் அந்தத் துணை கட்டாயம் வேண்டும். ப்ராஜெக்டுக்கு வேண்டாம். டேனிஷ் மாணவர்களும் வேறு நாட்டவர்களும் இருக்கும் குரூப்பில் அவள் சேரட்டும்.

சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. வேலையைத் துண்டு போட்டுப் பிரித்துக்கொண்டு, கடைசி வாரம் ஒட்டவைத்தால் யாரும் யாரையும் அறிய மாட்டார்கள். முதல் வாரமே உட்கார்ந்து பேசி எழுதி வைக்க வேண்டும்: எப்போது கூடுவது, தாமதமானால் எப்படிச் சொல்வது, கருத்து மோதினால் யார் முடிவெடுப்பது, அறையில் எந்த மொழியில் பேசுவது. பாதி வழியில் அதை மறுபடி எடுத்துப் பார்க்கவும் வேண்டும். பிற பண்பாட்டாரோடு பழகும் திறன் வளர்வது இந்தப் பேச்சில்தான்.

நம் பிள்ளைகள் கூட்டத்தில் "சரி" என்று தலையாட்டிவிட்டு, உடன்பாடில்லாததை மனசுக்குள் வைத்துக்கொள்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே கைடைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவர் சொல்வதை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு இல்லை. "இந்தப் பகுதி சரியில்லை" என்று சக மாணவர் முகத்துக்கு நேரே சொன்னால், அது எழுத்தைப் பற்றிய பேச்சு, அவளைப் பற்றியது அல்ல. இதை நீங்களே அவளிடம் சொல்லுங்கள். அப்பா சொன்னால் தைரியம் வரும்.

அப்புறம் ஒன்று. அங்குள்ள மாணவர்களின் பழைய ப்ராஜெக்ட் அறிக்கைகள் பல, பல்கலைக்கழக இணையதளத்திலேயே கிடைக்கின்றன. கிளம்புவதற்கு முன் அவள் துறையில் இரண்டைப் படிக்கச் சொல்லுங்கள். குரூப் அமைக்கும் நாளில் தனக்குப் பிடித்த பிரச்சினையைச் சொல்லி ஆள் சேர்க்க அது உதவும்.