கேளுங்க, சொல்றேன்: மூஞ்சி தொங்குது, எந்த ஆபரேஷன் பண்ணிக்கறது?

இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல மூஞ்சிய பத்தி தான். முகூர்த்த சீசன் வருதுன்னு எனக்கு இதுலயே தெரிஞ்சுடும். பழைய வண்ணாரப்பேட்டைல கிளினிக் வெச்சிருக்கற பிளாஸ்டிக் சர்ஜன் நான், புதுசா படிக்கிறவங்களுக்காக சொல்றேன். மொத லெட்டருக்கு பதில் ரொம்ப நீண்டுடுச்சு, மத்தவங்க கோச்சுக்காதீங்க.

"டாக்டரம்மா, எனக்கு 57 வயசு. தை மாசம் பொண்ணுக்கு கல்யாணம். எம்.சி. ரோட்டுல புடவை எடுக்க போனப்போ கடை கண்ணாடில தெரிஞ்சத பாத்து எங்கம்மாவோன்னு நெனச்சுட்டேன். தாவாக்கட்டை ரெண்டு பக்கமும் சதை தொங்குது, கழுத்துல ரெண்டு கயிறு மாதிரி நிக்குது. மூணு இடத்துல காட்டினேன். ஒருத்தர் மினி லிஃப்ட் போதும்னாரு, இன்னொருத்தர் டீப் பிளேன் தான் பண்ணனும்னாரு, மூணாவது இடத்துல டாக்டரே வரல, ஒரு பொண்ணு வந்து த்ரெட் போட்டுட்டு அன்னைக்கே வீட்டுக்கு போலாம்னு சொல்லிச்சு. சுகர் இருக்கு, பிரஷர் மாத்திரையும் போடறேன். வீட்டுக்காரரு 'இந்த வயசுல இன்னாத்துக்கு'ன்னு ஒரே சத்தம். ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரில பண்ணுவாங்களா?"
- ராயபுரம் வாசகி

அக்கா, வீட்டுக்காரர் சத்தம் போடறது எனக்கு பிடிக்கல, ஆனா அவர் கேட்ட 'இன்னாத்துக்கு' ரொம்ப நல்ல கேள்வி. அத அந்த மூணு இடத்துலயும் உங்ககிட்ட கேட்டிருக்கணும், கேட்ட மாதிரி தெரியல. எது தொங்குது, அதுல எது உங்கள உறுத்துதுன்னு தெரியாம ஆபரேஷன் பேர மட்டும் சொல்றது, அளவு எடுக்காம ஜாக்கெட் தைக்கிற மாதிரி.

உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். தோலுக்கு கீழ கொழுப்பு, அதுக்கும் கீழ எஸ்எம்ஏஎஸ்னு ஒரு மெல்லிசான சவ்வு, அது கழுத்து தசையோட சேந்து ஒரே போர்வையா இருக்கும். பாவாடை நாடா லூசா இருந்தா மேல புடவைக்கு எத்தனை பின் குத்தினாலும் இறங்கத்தான செய்யும், அந்த மாதிரி இந்த சவ்வு இறங்கினா தோல் மட்டும் என்ன பண்ணும்? அந்த காலத்துல தோல மட்டும் இழுத்து தைச்சாங்க, 1901லயே பெர்லின்ல பண்ணியிருக்காங்க, ஆனா கொஞ்ச நாள்ல திரும்ப தொங்கிடும், இல்லன்னா காத்துல மாட்டின மாதிரி இழுத்த மூஞ்சி தான் மிஞ்சும். 1976ல பிரான்ஸ்ல ரெண்டு டாக்டருங்க இந்த சவ்வ பத்தி தெளிவா எழுதின பிறகு தான் நாடாவ இறுக்கற வேலை ஒழுங்கா ஆரம்பிச்சுது.

இப்ப உங்களுக்கு சொன்ன மூணையும் பாப்போம். மினி லிஃப்ட்னா காதுக்கு முன்னாடி சின்ன வெட்டு, உள்ள சவ்வ நூல் போட்டு மேல சுருக்கி கட்டுவாங்க, பெல்ஜியம்ல இருந்து வந்த மேக்ஸ் லிஃப்ட் இந்த வகை தான். மரத்துப்போற ஊசியும் தூக்க மருந்தும் போட்டே பண்ணிடலாம், வீக்கமும் சீக்கிரம் வடியும். தாவாக்கட்டைல லேசா சதை இறங்கி, கழுத்து நல்லா இருக்கறவங்களுக்கு, நாப்பத்தஞ்சு அம்பது வயசுக்கு, அது அழகா வேலை செய்யும். உங்க கழுத்துல கயிறு நிக்குதுங்கறீங்களே, அது கழுத்து தசையோட ஓரம், காது முன்னாடி மட்டும் இழுத்தா அது அசையாது. தாடைக்கு அடில சின்னதா வெட்டி அந்த ரெண்டு ஓரத்தையும் நடுவுல சேத்து தைக்கணும், காதுக்கு பின்னாடியும் வெட்டு போகணும். அதனால மினி மட்டும் பண்ணா கல்யாண போட்டோல மூஞ்சி ஒரு வயசும் கழுத்து ஒரு வயசுமா தெரியும்.

டீப் பிளேன்ங்கறது 1990ல அமெரிக்கால ஹாம்ராங்கற சர்ஜன் எழுதின முறை. சவ்வுக்கு அடில போய், கன்னத்த எலும்போட பிடிச்சு வெச்சிருக்கற தசைநார்கள விடுவிச்சு, தோலையும் சவ்வையும் ஒண்ணாவே தூக்குவாங்க. இழுப்பு தோல் மேல விழாது, மூக்கு ஓரத்துல இருந்து வாய் வரைக்கும் வர்ற கோடும் கொஞ்சம் நல்லா குறையும். ஆனா மூஞ்சிய அசைக்கிற நரம்பு அந்த இடத்துக்கு கீழ தான் ஓடுது, ஆபரேஷன் நேரமும் ஜாஸ்தி, பழகின கை வேணும். இது ரெண்டுக்கும் நடுவுல, சவ்வ மடிச்சு தைக்கிறது, இல்ல ஒரு பட்டை வெட்டி எடுத்து சேத்து தைக்கிறதுன்னு ஒரு வழி இருக்கு, விளம்பரத்துல பேரே வராது, ஆனா உலகத்துல நெறைய பேருக்கு பண்றது அது தான், உங்கள மாதிரி மூஞ்சிக்கு கழுத்து தையலோட சேத்து பண்ணா தாராளமா போதும்னு தான் எனக்கு படுது. நேர்ல பாக்காம அடிச்சு சொல்ல மாட்டேன்.

எது ஒசத்தின்னு தான கேப்பீங்க? அமெரிக்கால ரெண்டு ஜோடி இரட்டை பிறவிங்கள வெச்சு நாலு பெரிய சர்ஜனுங்க ஆளுக்கு ஒருத்தருக்கு, அவங்கவங்க முறைல பண்ணாங்க. பத்து வருஷம் போட்டோ எடுத்து 2009ல வெளியிட்டாங்க. பத்து வருஷம் கழிச்சும் நாலு பேரும் நல்லா தான் இருந்தாங்க, இந்த முறை தான் ஜெயிச்சுதுன்னு அடிச்சு சொல்ற மாதிரி ஒண்ணும் வரல. நாலே பேரு தான், அத வெச்சு சட்டம் போட முடியாது, இருந்தாலும் என் அனுபவமும் அது தான். கேக்க வேண்டியது 'எந்த முறை'ன்னு இல்ல, 'இந்த கை இந்த முறைய எத்தனை தடவ பண்ணியிருக்கு'ன்னு.

த்ரெட் பத்தி சுருக்கமா. தோலுக்கு அடில நுழைச்சு சதைய மேல இழுக்கற முள்ளு வெச்ச நூல், பிடிஓன்னு பேரு, ஆறு மாசம் போல உள்ள கரைஞ்சுடும், தூக்கினதும் ஒரு வருஷத்துக்குள்ள போயிடும். முப்பத்தெட்டு வயசுல லேசா இறங்கினவங்க ஆசைக்கு பண்ணிக்கலாம். உங்களுக்கு அது காசுக்கு கேடு. டாக்டரே வராத இடம்னு நீங்களே எழுதிட்டீங்க, அதுக்கு மேல நான் என்ன சொல்ல?

போற இடத்துல, பண்ணப் போறவரு எம்சிஹெச் இல்ல டிஎன்பி பிளாஸ்டிக் சர்ஜரி படிச்சவரான்னு கேளுங்க, தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் பதிவு நம்பர கேளுங்க, நல்ல டாக்டரு கோச்சுக்க மாட்டாரு. உங்க வயசுக்காரங்க போட்டோவ ஒரு வருஷம் கழிச்சு எடுத்ததா காட்ட சொல்லுங்க, முன்னாடி போட்டோல தலைய குனிய வெச்சு பின்னாடி போட்டோல நிமித்தி வெச்சு எடுக்கற வித்தை நெறைய இருக்கு, கழுத்த மட்டும் உத்து பாருங்க. காது மடலு கன்னத்தோட இழுத்து ஒட்டின மாதிரி இருந்தா அந்த கை வேணாம். அப்புறம் முக்கியமா, ராத்திரி ரத்தம் கட்டிக்கிச்சுன்னா யாரு வருவீங்கன்னு கேளுங்க.

ஏன்னா இந்த ஆபரேஷன்ல அதிகமா வர்ற தொந்தரவே அது தான், தோலுக்கு அடில ரத்தம் கட்டறது, பெரும்பாலும் மொத நாள்லயே வரும், பிரஷர் ஏறினா வரும். ஒரு பக்கம் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா மாத்திரை போட்டு தூங்கற விஷயமில்ல, உடனே எடுத்து விடணும். அதனால பிரஷர் கட்டுக்குள்ள இருக்கணும், சுகருக்கு மூணு மாச ஆவரேஜ், அதான் ஹெச்பிஏ1சி டெஸ்ட், ஏழு கிட்ட வந்தப்புறம் தேதி கேளுங்க. ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் மெலிய மாத்திரை போட்டா நீங்களா நிறுத்திடாதீங்க, ஹார்ட் டாக்டர கேட்டு தான் நிறுத்தணும். மூக்கு குத்தின இடத்துலயோ காது குத்தின இடத்துலயோ தழும்பு உருண்டையா தடிச்சு வளந்திருந்தா அத மொதல்ல சொல்லுங்க, நம்ம தோலுக்கு அந்த குணம் ஜாஸ்தி. பல்லு எதாவது எடுத்துட்டு செட் கட்டாம விட்டிருந்தா மொதல்ல பல் டாக்டர்கிட்ட போங்க, கன்னம் உள்ள வாங்கினது பாதி அதுலயே சரியாயிடும், இத யாரும் சொல்ல மாட்டாங்க, சொன்னா வருமானம் போயிடும்.

நாள் கணக்கு: காதுக்கு முன்னாடி இருக்கற தையல் ஒரு வாரத்துல பிரிப்பாங்க, நீலம் பூத்தது ரெண்டு வாரம் இருக்கும், வீக்கம் முழுசா வடிய மூணு மாசம் ஆயிடும், காது பக்கம் மரமரன்னு இருக்கறது அதுக்கு மேலயும் இழுக்கும். இப்ப ஆவணி. புரட்டாசிக்குள்ள பண்ணலன்னா தைக்கு முன்னாடி பண்ணாதீங்க, கல்யாணம் முடிஞ்சு சாவகாசமா பண்ணிக்கலாம். தலைக்கு டை அடிக்கிறவங்கன்னா முன்னாடியே அடிச்சுடுங்க, பின்னாடி ஒரு மாசத்துக்கு தொடக்கூடாது. கொண்டை போட்டு பூ வெச்சா காதுக்கு பின்னாடி தழும்பு தெரியும், மொத ஆறு மாசம் அது செவந்து தான் இருக்கும், பின்னல தொங்க விடுங்க.

ஸ்டான்லில பெரிய பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கு, கை ஆபரேஷனுக்கு நாடே பேசற இடம், பிரஸ் மெஷின்ல விரல் போனவங்களுக்கு நம்ம ஏரியாவுல அது தான் கோயில். ஆனா அழகுக்காக பண்ற ஃபேஸ்லிஃப்ட்டுக்கு அந்த வரிசைல போய் நிக்காதீங்க. இன்சூரன்ஸும் குடுக்க மாட்டாங்க, பில்லுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற வரும், நோய்க்கு பண்ற ஆபரேஷனுக்கு இல்லாத வரி இதுக்கு உண்டு. மொத்தமா எவ்ளோன்னு எழுதி வாங்கிட்டு அப்புறம் வீட்டுக்காரர்கிட்ட பேசுங்க.

"மேடம், வயசு 54, வீடு புரோக்கர் வேலை. ஷேர் ஆட்டோல 'பெரியவரே தள்ளி உக்காருங்க'ங்கறானுங்க. கழுத்துல சேவலுக்கு தொங்கற மாதிரி தொங்குது. ஆம்பளைங்க பண்ணிக்கலாமா? முப்பது வருஷமா தம் அடிக்கிறேன், மறைக்கல."
- கொருக்குப்பேட்டை வாசகர்

தாராளமா பண்ணிக்கலாம் தம்பி, ஆனா அந்த கடைசி வரி தான் என்ன பயமுறுத்துது. சிகரெட்டு சின்ன ரத்தக்குழாய சுருக்கிடும், தூக்கி வெச்ச தோலுக்கு ரத்தம் அந்த சின்ன குழாய்ல தான் வரணும், வரலன்னா காதுக்கு பின்னாடி தோல் கறுத்து செத்து உதிரும். முன்னாடி ஒரு மாசம், பின்னாடி ஒரு மாசம் ஒண்ணு கூட கூடாது, நிகோடின் சூயிங்கமும் கூடாது. முடியாதுன்னா நான் கத்திய எடுக்க மாட்டேன், உண்மைய மறைச்சு பண்ணிக்கிட்டவங்க திரும்பி வந்து அழுததெல்லாம் பாத்திருக்கேன்.

ஆம்பளைங்களுக்கு தாடி இருக்கறதால அந்த தோல்ல ரத்த ஓட்டம் ஜாஸ்தி, அதனால ரத்தம் கட்டறதும் பொம்பளைங்கள விட ஜாஸ்தி. வெட்டும் கவனமா போடணும், இல்லன்னா தாடி முளைக்கிற தோல் காது மேல ஏறிடும், அப்புறம் தினம் காதுக்கு ஷேவ் பண்ணனும், சிரிக்காதீங்க, நெசமா நடக்கும். உங்களுக்கு தொந்தரவு கழுத்து மட்டும்னா முழு மூஞ்சி எதுக்கு? தாடைக்கு அடில நேரா அதிகப்படி தோல வெட்டி வளைச்சு வளைச்சு தைக்கிற வழி ஒண்ணு இருக்கு. நடு கழுத்துல தழும்பு விழும், ஆனா தாடி வெக்கிறவங்களுக்கு அது மறைஞ்சுடும். டாக்டர்கிட்ட இத நீங்களே கேளுங்க, பல பேரு எடுத்து சொல்றதில்ல.

"எங்கம்மாவுக்கு 61 வயசு. காலைல எந்திரிச்சப்போ வாய் ஒரு பக்கம் கோணி, கன்னம் தொங்கிடுச்சு. வயசானா இப்படித்தான்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. த்ரெட் போட்டா தூக்குமா?"
- தண்டையார்பேட்டை வாசகி

இந்த லெட்டர பிரிச்ச அன்னைக்கே அதுல இருந்த நம்பருக்கு போன் பண்ணிட்டேன், மத்தவங்களுக்காக இங்க போடறேன். வயசுல வர்ற தொங்கல் ரெண்டு பக்கமும் வரும், வருஷக்கணக்குல வரும். ஒரே ராத்திரில ஒரு பக்கம் மட்டும் தொங்கினா அது பக்கவாதமா இருக்கலாம், கை பலம் இல்லாம போச்சா பேச்சு குழறுதான்னு பாத்துக்கிட்டு நிக்காம 108க்கு அடிங்க, ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள தான். முகநரம்பு வாதமா இருந்தாலும் மாத்திரைய மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சா தான் நல்லா திரும்பும். அழகு கிளினிக் பக்கமே போகாதீங்க.

"எங்க பாட்டிக்கு பாம்படம் போட்டு காது தோள் வரைக்கும் வளந்து ஒரு பக்கம் அறுந்தும் போச்சு. இப்ப கம்மல் போடணும்னு ஆசைப்படறாங்க. 78 வயசுல முடியுமா?"
- வியாசர்பாடி வாசகர்

முடியும்பா. காத மட்டும் மரத்துப்போக வெச்சு ஒரு மணி நேரத்துல தைச்சுடலாம், பாட்டி பேசிக்கிட்டே படுத்திருக்கலாம். இதுக்கு ஸ்டான்லி பிளாஸ்டிக் சர்ஜரி ஓபில காட்டிப் பாருங்க. தைச்சு மூணு மாசம் போல விட்டு, தழும்பு மேல குத்தாம பக்கத்துல புதுசா குத்தணும். பாட்டி மறுபடியும் கனமான கம்மலா கேப்பாங்க, வேணாம், சின்ன கல்லு தோடு வாங்கி குடுங்க.