27 பேர், 97 பந்துகள்

கேள்வி: 1956 உலக சீரிஸில் (அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியன் தொடர்) யாங்கீஸ் அணியின் டான் லார்சன் ‘பெர்ஃபெக்ட் கேம்’ வீசினார் என்று படித்தேன். அதில் அப்படி என்ன பெர்ஃபெக்ட்? கடைசிப் பந்து ஸ்டிரைக்கே (அடிக்கத் தோதான எல்லைக்குள் வரும், அல்லது வீசித் தவறும் பந்து) இல்லை என்றும் சொல்கிறார்களே?

பதில்: 9 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 3 பேர், ஆக 27 பேரை வரிசையாக அவுட் ஆக்க வேண்டும். அதில் ஒருவர்கூட முதல் பேஸை (அடித்தவர் ஓடித் தொட வேண்டிய முதல் முனை) எட்டக் கூடாது. ஹிட் (அடித்துவிட்டு பேஸை எட்டுவது) கூடாது, நான்கு ‘பால்’ (எல்லைக்கு வெளியே போய், மட்டை வீசப்படாத பந்து) போட்டு சும்மா நடக்க விடக் கூடாது, ஃபீல்டர் கோட்டை விட்டதால் ஆள் பேஸுக்குப் போய்விடவும் கூடாது. 1956 அக்டோபர் 8 அன்று, யாங்கி ஸ்டேடியத்தில் 64,519 பேர் பார்த்திருக்க, முந்தைய ஆண்டு சாம்பியனான புரூக்ளின் டாட்ஜர்ஸை லார்சன் 97 பந்துகளில் அப்படி முடித்தார்.

யார் இந்த லார்சன்? 1954-ல் பால்டிமோர் அணியில் 3 வெற்றி, 21 தோல்வி கண்டவர். இதே சீரிஸின் இரண்டாவது ஆட்டத்தில், அணி 6 ரன் முன்னிலையில் இருந்தும் இரண்டு இன்னிங்ஸ்கூட தாக்குப்பிடிக்கவில்லை. மூன்று நாள் கழித்து உடை மாற்றும் அறைக்கு வந்தால், அவருடைய ஷூவுக்குள் ஒரு பந்து. இன்றைக்கு நீதான் பிட்சர் (பந்து வீசுபவர்) என்று அர்த்தம்!

எல்லோரும் லார்சனைப் புகழ்கிறார்கள், சரி. எனக்கு அந்த ஆட்டம் இரண்டாவது இன்னிங்ஸிலேயே இருக்கிறது. டாட்ஜர்ஸின் ஜாக்கி ராபின்சன் அடித்த பந்து, மூன்றாம் பேஸில் நின்ற ஆண்டி கேரியின் கிளவுஸில் பட்டுத் தெறித்து ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) கில் மெக்டூகல்டிடம் போனது. அவர் எடுத்து வீச, ராபின்சன் மயிரிழையில் அவுட். ராபின்சனுக்கு அப்போது 37 வயது, அதுதான் கடைசி சீசன். சில வருடங்களுக்கு முந்தைய கால்களாக இருந்தால் பேஸைத் தொட்டிருப்பார் என்றே நம்புகிறேன். அப்புறம் ஐந்தாவது இன்னிங்ஸில் கில் ஹாட்ஜஸ் தூக்கி அடித்ததை யாங்கீஸின் மிக்கி மாண்டில் வெகுதூரம் ஓடிப் பிடித்தார். நான்காவதில் ஹோம் ரன் அடித்துக் கணக்கைத் திறந்தவரும் அவர்தான். முடிவு 2-0.

ஏழாவது இன்னிங்ஸ் வாக்கில் டக்அவுட்டில் லார்சனோடு யாரும் பேசவில்லை. வாய்விட்டுச் சொன்னால் கலைந்துவிடும் என்று நம்பிக்கை. அவரே மாண்டிலிடம் பேச்சுக் கொடுக்க, மாண்டில் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டார்.

இனி உங்கள் கடைசிப் பந்து. 27-வது ஆளாக, டாட்ஜர்ஸ் பிட்சர் சால் மாக்லிக்குப் பதிலாக டேல் மிட்செல் வந்தார். 11 சீசன்களில் மொத்தமே 119 முறைதான் ஸ்டிரைக்-அவுட் (மூன்று ஸ்டிரைக் விழுந்து அவுட்) ஆனவர். ஒரு பால், இரண்டு ஸ்டிரைக். கடைசிப் பந்துக்கு மட்டையைப் பாதி கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அம்பயர் பேப் பினெல்லியின் கை உயர்ந்தது: மூன்றாவது ஸ்டிரைக், அவுட். பந்து வெளியே போனது என்று மிட்செல் பின்னாளிலும் சொல்லிவந்தார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் கொஞ்சம் வெளியே போனதாகத்தான் தெரிகிறது. ஆனாலும் இரண்டு ஸ்டிரைக் விழுந்த பிறகு அவ்வளவு பக்கத்தில் வருவதை விடலாமா? அடித்தே ஆக வேண்டிய பந்து அது.

மிட்செல் அம்பயரிடம் முறையிடத் திரும்பினார். அதற்குள் கேட்சர் யோகி பெர்ரா ஓடிப்போய், சின்னப் பையன் மாதிரி லார்சனின் இடுப்பில் கால்களைக் கோத்துத் தொங்கிவிட்டார்.