கடைக் கணக்கு: எக்ஸெல்லா, கூகுள் ஷீட்ஸா?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். பத்து வருடமாகச் சரக்கு இருப்பு, பாக்கி எல்லாம் எக்ஸெல்லில்தான். பில் போட மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) வைத்திருக்கிறோம். இப்போது குடோன் தனி இடத்துக்குப் போய்விட்டதால் இருப்புக் கோப்பை வாட்ஸ்அப்பில் மாற்றி மாற்றி அனுப்புகிறோம். எது கடைசிக் கோப்பு என்பதிலேயே குழப்பம். கூகுள் ஷீட்ஸுக்கு மாறிவிடலாமா?

பதில்: இருப்புக் கணக்கை மட்டும் மாற்றுங்கள். பில்லும் பாக்கியும் எக்ஸெல்லிலேயே இருக்கட்டும்.

ஒரு கணக்கில் எத்தனை பேர் கை வைக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் இருப்புக் கணக்கை இரண்டு இடத்திலிருந்து எழுதுகிறார்கள். ஷீட்ஸில் கோப்பு இணையத்தில் இருப்பதால் எல்லோருக்கும் ஒன்றுதான். குடோனில் 40 பேல் இறங்கியதைப் பதிந்ததும் கடையில் தெரிந்துவிடும். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதையும் பதிப்பு வரலாற்றில் பார்க்கலாம். ஒருவர் தவறி அழித்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். எனக்கு ஷீட்ஸில் மிகப் பிடித்த வசதி இதுதான்.

மேக்ரோ விஷயம் வேறு. எக்ஸெல் மேக்ரோ விபிஏ மொழியில் எழுதப்பட்டது, ஷீட்ஸில் ஓடாது. ஷீட்ஸுக்கான நிரல் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் புதிதாக எழுத வேண்டும். நன்றாக ஓடுகிற பில்லிங்கை இதற்காகக் கலைக்காதீர்கள்.

அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். எக்ஸெல்லில் ஒரு தாளுக்கு 10,48,576 வரிகள். ஷீட்ஸில் முழுக் கோப்புக்கும் 1 கோடி கட்டங்கள். ஆனால் உங்கள் பழைய கோப்பின் பெயர் 'எக்ஸ்எல்எஸ்' (.xls) என்று முடிகிறதா என்று இன்றே பாருங்கள். அந்தப் பழைய வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் ஏறாது. 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டதற்கு இந்த வரம்புதான் காரணம். புதிய 'எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' (.xlsx) வடிவில் சேமித்துவிடுங்கள்; மேக்ரோ உள்ள கோப்பை மட்டும் 'எக்ஸ்எல்எஸ்எம்' (.xlsm) வடிவில் சேமியுங்கள், இல்லாவிட்டால் மேக்ரோ போய்விடும்.

நம் ஊர்க் கடைகளில் அடிக்கடி பார்க்கும் சிக்கல் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் பெயர்களைப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்திருந்தால், ஷீட்ஸில் ஏற்றியதும் அவை புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். முதலில் எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிக்கொண்டு ஏற்றுங்கள்.

கோப்பை ஊழியரின் ஜிமெயிலில் தொடங்காதீர்கள். கடைக்கென்று ஒரு கணக்கு திறங்கள். 'இணைப்பு உள்ள எவரும்' என்று பகிராமல், ஒவ்வொருவரையும் மின்னஞ்சல் முகவரி கொடுத்துச் சேருங்கள். ஒருவர் வேலையை விட்டால் அன்றே அவர் பெயரை நீக்குங்கள். குடோனில் நெட் அடிக்கடி போகுமென்றால் குரோமில் ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே இயக்கி வையுங்கள். நெட் போன பிறகு இயக்க முடியாது.

முதல் மாதம் பழைய கோப்பிலும் சேர்த்து எழுதி, வாரம் ஒருமுறை இரண்டையும் சரக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பிறகு மாதக் கடைசியில் ஷீட்ஸை எக்ஸெல் கோப்பாக இறக்கிக் கடைக் கணினியில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.