மலையில் பிராண்டு, கீழே தையல்: கேள்வி பதில்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சொந்தப் பெயரில் உடை விற்கத் தொடங்கியிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நெடுநாள் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களை ஆரம்பம் முதல் கடைசிவரை கவனிப்பவராக) இருந்துவிட்டு இப்போது குன்னூரில் குடியிருக்கும் ஒரு அக்கா.

அக்கா, ஊட்டிக்கு வருகிறவர்களை நம்பி ஹூடி போடப்போகிறோம். முதல் ஆர்டர் 200 பீஸ், நான்கு நிறம். திருப்பூரின் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் பதிலே போடுவதில்லை. (கோத்தகிரி)

போடமாட்டார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு ஹூடிக்கு அரைக் கிலோவுக்கு மேல் துணி பிடிக்கும். 200 பீஸை நான்காகப் பிரித்தால் நிறத்துக்கு முப்பது கிலோ சொச்சம்தான் வரும். அதற்கென்று சாயப்பட்டறையில் தனியாக மிஷின் ஓட்டச் சொன்னால் கூலி எகிறிவிடும். ஆயிரக்கணக்கில் தைக்கிற லைனை உங்களுக்காக நிறுத்தவும் மாட்டார்கள். அப்படியே ஒப்புக்கொண்டாலும், பெரிய ஆர்டர் ஒன்று வந்ததும் உங்கள் துணி மூலைக்குப் போய்விடும்.

பத்துப் பதினைந்து மிஷின் உள்ள பவர் டேபிள் யூனிட்டை, அதாவது சின்னத் தையல் பட்டறையைப் பாருங்கள். முதலாளியே கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது. அவருக்கு உங்கள் 200 பீஸ் மதிப்பான ஆர்டர், போன் எடுப்பார். நிறத்தை இரண்டாகக் குறைத்து, சாயம் போட்டுத் தயாராக இருக்கும் ஸ்டாக் துணியில் எடுங்கள். கை மணிக்கட்டுக்கும் அடி ஓரத்துக்கும் வைக்கிற ரிப் துணியையும் அப்போதே வெயிலில் வைத்து நிறம் பொருத்தி வாங்கிவிடுங்கள். ஸ்டாக் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி அமைவது கஷ்டம்.

சாம்பிள் அருமையாக வந்திருக்கிறது. ஆர்டர் கொடுத்துவிடலாமா? (குன்னூர்)

கொஞ்சம் பொறுங்கள். சாம்பிளைத் தைப்பவர் பெரும்பாலும் அந்த யூனிட்டிலேயே கைதேர்ந்த டெய்லர். உங்கள் 200 பீஸையும் அவர் தைக்கப்போவதில்லை. ஆகவே ஆர்டருக்கு வாங்கிய அதே துணியில், அதே லைனில், எல்லா அளவிலும் ஒவ்வொரு பீஸ் தைத்துத் தரச் சொல்லுங்கள். சரியாக இருந்தால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சண்டை வந்தால் பேசப்போவது அந்த பீஸ்தான்.

துணியை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நகைக்கடையில் இருப்பது போன்ற சின்னத் தராசில் வையுங்கள். 3 கிராம் காட்டினால் 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம். ஹூடிக்கு 280 முதல் 320 வரை எடுக்கலாம், நம் ஊர்க் குளிருக்கு 300-க்குக் கீழே போகாதீர்கள். அப்புறம் இன்னொரு பெரிய துண்டில், அழியாத பேனாவால் 50 சென்டிமீட்டர் சதுரம் வரையுங்கள். துவைத்து, கொடியில் தொங்கவிடாமல் தட்டையாகப் போட்டுக் காயவைத்து அளந்து பாருங்கள். 47.5-க்குக் கீழே வந்தால் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்குகிறது என்று அர்த்தம். காம்பாக்டிங்கில் (துணி பிறகு சுருங்காமலிருக்க முன்பே அழுத்திச் சுருக்கும் வேலையில்) குறை இருக்கும், அந்தத் துணி வேண்டாம். ரோலைப் பிரித்து ஒரு நாள் ஆறப்போட்ட பிறகுதான் வெட்டுகிறார்களா என்றும் கேளுங்கள்.

கம்பளி ஸ்வெட்டர் திருப்பூரில் போடலாமா அக்கா? (கொடைக்கானல்)

திருப்பூர் வட்டப் பின்னல் மிஷின் ஊர். டி-ஷர்ட், ஹூடிக்குத்தான் அது சரி. ஸ்வெட்டருக்குத் தட்டைப் பின்னல் மிஷின் வேண்டும், லூதியானாவில் விசாரியுங்கள்.

எங்கள் டி-ஷர்ட்டில் தோடர் எம்பிராய்டரி வைக்க ஆசை. ஒரு யூனிட் கம்ப்யூட்டர் மிஷினில் போட்டுத் தருகிறேன் என்கிறது. (ஊட்டி)

தயவுசெய்து வேண்டாம். தோடர் எம்பிராய்டரி 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைப் பருத்தித் துணியில் இழையை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பழங்குடிப் பெண்கள் கையால் போடுவது. மிஷினில் போட்டு அந்தப் பெயரில் விற்றால் அவர்கள் பிழைப்பில்தான் கைவைக்கிறோம். பனியன் துணி இழுபடும், அதில் இழை எண்ணவும் முடியாது. தறித் துணியில் அவர்களிடமே சின்னப் பட்டையாகப் போட்டு வாங்கி, அதை ஹூடி பாக்கெட்டில் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்கிற கூலியில் பேரம் பேசாதீர்கள். சிவப்பு நூல் சாயம் விடுகிறதா என்று முதலில் நனைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஒரே ஹூடிக்கு இரண்டு யூனிட் விலையில் 40 ரூபாய் வித்தியாசம். ஏன்? (கூடலூர்)

மொத்த விலையை ஒப்பிட்டுப் பயனில்லை. துணி கிலோ என்ன விலை, ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி, கட்டிங் வேஸ்ட், தையல் கூலி, பிரிண்ட், பேக்கிங் என்று பிரித்து எழுதி வாங்குங்கள். பிரித்துத் தர மறுப்பவரிடம் நான் ஆர்டர் கொடுக்கமாட்டேன். துணி வாங்க முன்பணம் கேட்பது நியாயம், கொடுங்கள். மீதியைச் சரக்கைப் பார்த்த பிறகு கொடுங்கள், ஆனால் இழுத்தடிக்காதீர்கள். யூனிட் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள சிறு நிறுவனமாக இருந்தால், கெடு எப்படிப் பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது என்பது 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம்.

சரக்கை எப்படிப் பார்ப்பது? எல்லா பீஸையுமா? (கோத்தகிரி)

200 பீஸ்தானே, எல்லாவற்றையும் பாருங்கள். பெரிய ஆர்டரில், சில பீஸை மட்டும் எடுத்துச் சோதிக்கும் ஏக்யூஎல் 2.5 என்ற முறைப்படி, 500 பீஸில் 50 எடுத்துப் பார்ப்பார்கள். அந்த 50-ல் மூன்று வரை பழுது இருந்தால் ஏற்பார்கள், நான்கு ஆனால் திருப்புவார்கள்.

நம் மலைப் பெண்கள் பலர் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். யூனிட் அவர்களை எப்படி நடத்துகிறது என்று எப்படித் தெரியும்? (குன்னூர்)

இதைக் கேட்டதற்கு நன்றி. ஆர்டர் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. நேரில் போங்கள். மேட்டுப்பாளையம், அன்னூர், அவிநாசி வழியாக ஒரே நாளில் போய்த் திரும்பலாம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் இருங்கள். தையல்காரர்களிடம் ஈஎஸ்ஐ, பிஎஃப் பிடிக்கிறார்களா, இரவு வேலைக்குத் தனிக் கூலி உண்டா என்று கேளுங்கள். கழிப்பறையைப் பாருங்கள். வெளியேறும் கதவில் பூட்டுத் தொங்கினால் உடனே கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் பார்த்த இடத்திலேயே உங்கள் துணி தைக்கப்படும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வேலை குவிந்தால் ஜாப் ஒர்க்காக (கூலிக்குத் தைக்க) வேறு யூனிட்டுக்கு மாற்றிவிடுவது சாதாரணம். "கேட்காமல் வெளியே கொடுக்கக் கூடாது" என்று ஆர்டரில் எழுதுங்கள். தையல் பாதி நடக்கும்போது சொல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மழைக்காலத்தில் ஸ்டாக்கில் பூஞ்சை பிடிக்கிறது. (கொடைக்கானல்)

அயர்ன் போட்ட சூட்டோடு கவரில் அடைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். நன்றாக ஆறிய பிறகு, பிளாஸ்டிக் இல்லாமல் காகிதப் பட்டை சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். பெட்டிகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். மழைக்காலத்துக்கு முன் அதிகமாக வாங்கிச் சேர்க்காதீர்கள்.