கேள்வி-பதில்: ஷிபுஸஷிராஸு சிடி மலிவாகக் கிடைக்குமா?

கேள்வி: வேலைக்காக டோக்கியோவில் இரண்டு வருடமாக இருக்கிறேன். அடுத்த மாதம் ஊர் திரும்புகிறேன். ஷிபுஸஷிராஸு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜப்பானிய இசைக்குழுவின் சிடிகளும் ஒரு கச்சேரி டிவிடியும் வாங்கி வர ஆசை. நான்கு கடை ஏறி இறங்கிவிட்டேன், புதிய சிடி எல்லா இடத்திலும் ஒரே விலை. பழையதை நம்பி வாங்கலாமா?

பதில்: இன்னும் பத்துக் கடை ஏறினாலும் விலை பெரிதாக இறங்காது. ஜப்பானில் புத்தகத்தைப் போலவே இசை சிடிக்கும் வெளியீட்டாளரே சில்லறை விலையை நிர்ணயிக்கச் சட்டம் இடம் தருகிறது. பழைய சிடிக்கு அந்தக் கட்டு இல்லை. ஷின்ஜுகு, ஒச்சனோமிஸு பக்கத்தில் பழைய சிடியும் விற்கும் டிஸ்க் யூனியன் கடைகளில் தைரியமாக வாங்குங்கள். ஜாஸ் அடுக்கில் இல்லையென்றால் ராக் அடுக்கையும் புரட்டுங்கள், இந்தக் குழு இரண்டுக்கும் சொந்தம். விலைச்சீட்டில் 'ரென்டரு ஒச்சி' என்று இருந்தால் அது வாடகைக்கடையில் பல கை மாறிய சிடி. கீறல் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 'ஒபி' என்ற காகிதப் பட்டை இருந்தால் விலை கூடும், இசை கூடாது. கேட்பதற்கு மட்டும் என்றால் பட்டை இல்லாததே போதும்.

டிவிடியில் கவனம் தேவை. ஒரு மண்டலத்து டிவிடி இன்னொரு மண்டலத்து பிளேயரில் ஓடாமல் போகலாம்; ஜப்பான் டிவிடி மண்டலம் 2, இந்தியா மண்டலம் 5. ஊரில் இருக்கும் பிளேயர் எல்லா மண்டலத்தையும் ஏற்குமா என்று வீட்டில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன்: முதலில் டிக்கெட் வாங்குங்கள். பாஸ் வாத்தியக் கலைஞர் டைசுகே ஃபுவா 1989இல் தொடங்கிய இந்தக் குழுவை சிடியில் கேட்டால் பாதிதான் கிடைக்கும். ஊதுகருவிக்காரர்கள் கூட்டமாக ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப முழக்க, அதன்மேல் ஒருவர் சாக்ஸஃபோனோடு கட்டறுத்துக்கொண்டு தன்போக்கில் போவார். ஃபுவா கையசைத்தால் அத்தனை பேரும் திரும்ப ஒன்று சேர்வார்கள். பக்கத்திலேயே உடம்பெல்லாம் வெள்ளை பூசிய, புட்டோ என்ற ஜப்பானிய நடனம் ஆடுபவர்கள். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவரை போய் வாசித்த குழுவை, அது பிறந்த ஊரில் இருந்துகொண்டே பார்க்காமல் திரும்பலாமா?

கச்சேரித் தேதியை இன்றே பாருங்கள். முன்பதிவு டிக்கெட், அதாவது 'மாஎஉரி', அன்றைக்கு வாசலில் வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு. உள்ளே நுழையும்போது பானத்துக்கென்று 500, 600 யென் தனியாகக் கேட்பார்கள். ஏமாற்று அல்ல, அங்கே அதுதான் வழக்கம். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். சின்ன அரங்குகளில் குழுக்கள் தங்கள் சிடியை அங்கேயே மேசை போட்டு விற்பதும் உண்டு. புதிய சிடி வாங்குவதென்றால் அங்கே வாங்குங்கள்; விலை ஒன்றுதான், பணம் வாசித்தவர்கள் கைக்கு நேராகப் போகும்.