பிரின்ஸ் ஆஃப் டென்னிஸில் வரும் செய்காகு அணி ஆடுவதில் எவ்வளவு நிஜம்? டென்னிஸ் கற்றுக்கொள்ளும் ஒருவர் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

ஷாட்களை மட்டும் பார்த்தால் பாதிக்கு மேல் கற்பனை. ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, யாரை எந்த வரிசையில் இறக்குவது, யாரோடு யாரை ஜோடி சேர்ப்பது என்று பார்த்தால் செய்காகு மிகவும் நிஜமான அணி. டென்னிஸ் தெரிந்தவர்களுக்கு இந்தத் தொடர் இன்னமும் பிடிப்பதற்குக் காரணம் இந்த இரண்டாவது பகுதிதான் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தொடர் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. தகேஷி கொனோமி வரைந்த மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) 1999 முதல் 2008 வரை வாரப் பத்திரிகையில் வந்து 42 தொகுதிகளாக முடிந்தது. அதன் கார்ட்டூன் தொடரான அனிமே 2001 அக்டோபரில் தொடங்கி 2005 மார்ச் வரை 178 பகுதிகள் ஓடியது. செய்காகு என்பது டோக்கியோவில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு நடுநிலைப் பள்ளி. ஆடுபவர்கள் எல்லாம் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகள். இந்த வயதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும். ஜப்பானில் நடுநிலைப் பள்ளி அளவில் ரப்பர் பந்தில் ஆடும் சாஃப்ட் டென்னிஸ்தான் அதிகம். செய்காகு ஆடுவது நாம் டிவியில் பார்க்கும் வழக்கமான டென்னிஸ்.

அணித் தேர்வு இப்படி நடக்கும்: மாதம் ஒருமுறை கிளப்புக்குள்ளேயே தரவரிசைப் போட்டி. ஆட்களை நான்கு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். பிரிவுக்கு முதல் இருவர், ஆக மொத்தம் எட்டுப் பேர் ரெகுலர்கள். கதையின் நாயகனும் முதலாம் ஆண்டு மாணவனுமான ரியோமா எச்சிசெனை வழக்கத்தை மீறிப் போட்டியில் சேர்ப்பது கேப்டன் தெசுகா. அந்தப் பிரிவில் ரியோமாவிடமும் கைடோவிடமும் தோற்று, மூன்றாம் ஆண்டு மாணவனான இனுயி ரெகுலர் இடத்தை இழக்கிறான். பிறகு அவன் திரும்பி வரும்போது மோமோஷிரோவின் இடம் போகிறது. கதை இதை மெழுகவில்லை. இந்த முறையில் ஒரு குறையும் உண்டு: சிங்கிள்ஸ் ஆடவைத்து டபுள்ஸ் ஆளையும் தேர்ந்தெடுக்கிறார்கள். நெட்டில் அபாரமாக ஆடி பேஸ்லைனில் (கோர்ட்டின் பின்கோட்டில்) திணறும் ஒரு பையன் இதில் அடிபட்டுப் போவான். உங்கள் பள்ளியில் இப்படித் தேர்வு வைத்தால், இரண்டு இடத்தையாவது டபுள்ஸ் ஆட்டம் பார்த்து நிரப்புங்கள்.

அடுத்தது வரிசை. ஒரு பள்ளிக்கும் இன்னொரு பள்ளிக்கும் நடப்பது ஐந்து ஆட்டங்கள்: டபுள்ஸ் 2, டபுள்ஸ் 1, சிங்கிள்ஸ் 3, சிங்கிள்ஸ் 2, சிங்கிள்ஸ் 1. ஒவ்வொன்றும் ஒரே செட். முதலில் மூன்று ஜெயிப்பவருக்கு வெற்றி. ஒருவர் ஓர் ஆட்டம்தான் ஆடலாம் என்பதால் ஏழு பேர் களமிறங்குவார்கள். எதிரணி யாரை எங்கே வைத்திருக்கிறது என்று தெரியாமலேயே பெயர்ப் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். இங்கேதான் பயிற்சியாளர் ரியூசாகியின் மண்டைக்கு வேலை. உங்களிடம் இருப்பதிலேயே பெரிய ஆளைக் கடைசியில் வைத்தால், அதற்குள் மூன்று ஆட்டம் தோற்றுவிட்டால் அவர் ராக்கெட்டைத் தொடாமலே வீட்டுக்குப் போவார். முன்னால் வைத்தால், இரண்டுக்கு இரண்டு என்று சமமாகும்போது கடைசி ஆட்டத்துக்கு ஆள் இருக்காது.

டோக்கியோ சுற்றுவட்டாரப் பள்ளிகள் ஆடும் கான்டோ போட்டியின் முதல் சுற்றில் ஹ்யோதெய் பள்ளியோடு நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். செய்காகுவின் ஓயிஷிக்குக் கையில் அடி. ரெகுலர் பட்டியலில் இல்லாத மோமோஷிரோ கிகுமாருவோடு இறங்கி டபுள்ஸ் 2-ஐ எடுத்துத் தருகிறான். டபுள்ஸ் 1 போய்விடுகிறது. சிங்கிள்ஸ் 3-இல் செய்காகுவின் கவாமுரா, ஹ்யோதெயின் கபாஜி இருவருமே கை போய் ஆட முடியாமல், யாருக்கும் வெற்றி இல்லை என்று ஆட்டம் நின்றுபோகிறது. சிங்கிள்ஸ் 2 ஃபூஜி ஜெயிக்கிறான். சிங்கிள்ஸ் 1-இல் தெசுகா, ஹ்யோதெய் கேப்டன் அதோபேயிடம் டை பிரேக்கில் (செட் 6–6 என்று சமமானால் ஆடும் முடிவு ஆட்டம்) 35–37 என்று தோற்கிறான். ஆக இரண்டுக்கு இரண்டு, ஒன்று செல்லாது. அதனால்தான் மாற்று ஆட்டக்காரர் ரியோமாவுக்கு வேலை வருகிறது. எட்டாவது ஆள் யார் என்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அந்த டை பிரேக்கையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்தம் 72 புள்ளிகள், ஆறு புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாறவேண்டும் என்பதால் 11 முறை பக்கம் மாறியிருப்பார்கள். விதிப்படி சாத்தியம்தான். இரண்டு புள்ளி வித்தியாசம் வரும்வரை அது ஓடும்.

கான்டோ இறுதியில் ரிக்காய் பள்ளியோடு ஆடும்போது தெசுகா சிகிச்சைக்குப் போயிருக்கிறான். இரண்டு டபுள்ஸும் தோல்வி. இனுயி, ஃபூஜி, ரியோமா மூவரும் வரிசையாக ஜெயித்து மீட்கிறார்கள். தேசியப் போட்டியில் வரிசையே மாறும்: சிங்கிள்ஸ் 3, டபுள்ஸ் 2, சிங்கிள்ஸ் 2, டபுள்ஸ் 1, சிங்கிள்ஸ் 1. சிங்கிள்ஸ் முதலில் வருவதால் இறுதி ஆட்டத்தில் தெசுகாவே முதல் ஆளாக இறங்கி ரிக்காயின் சனாடாவிடம் தோற்கிறான். வரிசை மாறினால் யோசனையும் மாறவேண்டும் என்பதை ஆசிரியர் புரிந்து எழுதியிருக்கிறார்.

டபுள்ஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாவட்டப் போட்டியில் க்யோகுரின் பள்ளிக்கு எதிராக ரியோமாவும் மோமோஷிரோவும் ஜோடி சேர்கிறார்கள். நடுவில் வரும் பந்துக்கு இருவரும் பாய்வதும், இருவரும் விட்டுவிடுவதும்தான் நடக்கும். கடைசியில் கோர்ட்டின் நடுவே கோடு போட்டு ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு சிங்கிள்ஸ் ஆடி ஜெயிப்பார்கள். பார்க்கப் பைத்தியக்காரத்தனம். ஆனால் டபுள்ஸ் கோர்ட்டின் அகலம் 10.97 மீட்டர், பாதி என்றால் சுமார் 5.5 மீட்டர். சிங்கிள்ஸ் கோர்ட் 8.23 மீட்டர். அதாவது வழக்கமாக ஓடுவதைவிடக் குறைவாகத்தான் ஒவ்வொருவரும் ஓடுகிறார்கள். நல்ல சிங்கிள்ஸ் ஆட்டக்காரர் இருவர், சுமாரான டபுள்ஸ் ஜோடி ஒன்றை இப்படி அடிக்க முடியும். எதிரணி நெட்டுக்கு வந்து குறுக்கே குட்டையான கோணத்தில் வாலி (பந்து தரையில் படும் முன்பே அடிப்பது) போடத் தெரிந்துகொண்டால் இந்தத் திட்டம் அன்றோடு முடிந்தது.

அந்த ஜோடியில் கதை வாய்விட்டுச் சொல்லாத ஒரு சிக்கலும் உண்டு. ரியோமா இடக்கை, மோமோஷிரோ வலக்கை. இடக்கை ஆள் வலப்பக்கமும் வலக்கை ஆள் இடப்பக்கமும் நின்றால் இருவருடைய ஃபோர்ஹேண்டும் (ராக்கெட் பிடித்த கைப்பக்க அடி) நடுவில் வந்து சேரும். இருவருக்குமே அடிக்க ஆசை வரும், மோதிக்கொள்வார்கள். மாற்றி நின்றால் ஃபோர்ஹேண்ட் இரண்டும் ஓரத்துக்குப் போய், நடுவில் இரண்டு பேக்ஹேண்ட் மிஞ்சும். இரண்டிலும் லாபம் உண்டு, நஷ்டமும் உண்டு. இரண்டு வலக்கைக்காரர்கள் என்றால் நடுப்பந்து இடப்பக்கம் நிற்பவருடையது, ஏனென்றால் அவருக்குத்தான் அது ஃபோர்ஹேண்ட். கலப்பு ஜோடி என்றால் சர்வீஸுக்கு முன்பே "நடு உன்னது" என்று பேசி முடித்துவிட வேண்டும். பந்து வந்தபிறகு கத்துவதில் பயனில்லை.

ஓயிஷி, கிகுமாரு ஜோடி இதற்கு நேர்மாறு. ஒருவன் பின்னால் நின்று பேஸ்லைனில் விழும்படி உயரமான லாப் போடுவான், மற்றவன் நெட்டில் பாய்வான். கிகுமாருவுக்கு மூச்சு சீக்கிரம் வாங்கும் என்பதைக் கதை மறக்காமல் எதிரணிகளுக்குப் பயன்படுத்தக் கொடுக்கிறது. இனுயி, கைடோ ஜோடி சேர்ந்த காரணமோ இன்னும் அழகு. கைடோவின் பந்து நெட் கம்பத்துக்கு வெளியே சுற்றிவந்து உள்ளே திரும்பும். கம்பத்தைச் சுற்றி அடிப்பது விதிப்படி செல்லும். நெட் உயரத்துக்குக் கீழே வந்தாலும், சரியான இடத்தில் விழுந்தால் போதும். ஆனால் அவனுக்கு அது முதலில் டபுள்ஸ் ஓரப்பட்டையில்தான் விழுகிறது. பக்கத்துக்கு 1.37 மீட்டர் அகலமுள்ள அந்தப் பட்டை சிங்கிள்ஸில் அவுட், டபுள்ஸில் உள்ளே. அதனால்தான் இனுயி அவனை டபுள்ஸுக்கு இழுக்கிறான்.

இனி எல்லோரும் கேட்கும் ரியோமாவின் ட்விஸ்ட் சர்வீஸ். இது நிஜம். கிக் சர்வீஸ் என்று நம் ஊர்ப் பயிற்சியாளர்கள் சொல்வதுதான் இது. பந்தைத் தலைக்கு நேர் மேலே, கொஞ்சம் பின்னால் தூக்கிப்போட்டு, பந்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேலே ஏறி ஓரமாகத் தேய்க்க வேண்டும். வலக்கை ஆள் என்றால் பந்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு, 7 மணியிலிருந்து 1 மணியை நோக்கி ராக்கெட் போகவேண்டும். விழுந்ததும் பந்து உயர எழும்பி, எதிரே நிற்பவரின் இடப்பக்கம் திரும்பும். இடக்கையால் அடித்தால் அவருடைய வலப்பக்கம் திரும்பும், அதாவது வலக்கை ஆட்டக்காரரின் ஃபோர்ஹேண்டுக்கே போகும். ஆகவே உங்கள் பையன் இடக்கை என்றால் ரியோமாவைப் பார்த்து கிக் பழகுவதைவிட, எதிராளியின் இடப்பக்க சர்வீஸ் கட்டத்தில் வெளியே வழுக்கிப் போகும் ஸ்லைஸ் சர்வீஸை முதலில் பழகட்டும். அவனுக்குக் கிடைத்திருக்கும் இயற்கை ஆயுதம் அது.

தொடரில் காட்டுவதுபோல இந்த சர்வீஸ் எதிராளியின் முகத்துக்கு எழும்பும் என்பது மிகைதான், ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. பெரியவர்கள் ஆட்டத்தில் நல்ல கிக் தோள் உயரம் வரும். 150 செ.மீ. உயரப் பையன் எதிரே நின்றால் அதே பந்து அவன் முகத்துக்குப் பக்கம்தான். ரியோமாவின் உயரம் 151 செ.மீ. நெட்டின் நடு உயரம் 0.914 மீட்டர், பேஸ்லைனிலிருந்து நெட் 11.885 மீட்டர், நெட்டிலிருந்து சர்வீஸ் கோடு 6.40 மீட்டர். நேர்கோட்டில் கணக்கிட்டால், நெட்டை ஒட்டித் தாண்டிக் கோட்டுக்குள் விழப் பந்தைச் சுமார் 2.6 மீட்டர் உயரத்தில் அடிக்க வேண்டும். ராக்கெட்டோடு ஒருவர் எட்டும் உயரம் பொதுவாக அவர் உயரத்தில் ஒன்றரை மடங்கு. ரியோமாவுக்கு அது 2.3 மீட்டர்கூட வராது. வேகமாக அடித்த பந்தைக் கீழே இழுக்கச் சுழற்சி இல்லாமல் அவனுக்கு வழியே இல்லை. குள்ளமான பையனுக்கு டாப் ஸ்பின் சர்வீஸ் கொடுத்தது ஆசிரியரின் சரியான முடிவு.

எச்சரிக்கை ஒன்று: கிக் சர்வீஸில் முதுகு வில்லாக வளைகிறது, தோளும் நிறைய வேலை செய்கிறது. எலும்பு வளரும் வயதில் தினம் நூறு கிக் அடிப்பது முதுகுக்கும் தோளுக்கும் நல்லதல்ல. பந்தை மிகப் பின்னால் தூக்கிப்போட்டு இடுப்பிலிருந்து வளைவதுதான் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு. முழங்காலை மடக்கி எழும்புவதில் வரவேண்டிய விசையை முதுகில் எடுக்கிறார்கள். தெசுகாவின் முழங்கை, பிறகு தோள் என்று கதை திரும்பத் திரும்பக் காயத்துக்கு வருவதை நாடகம் என்று மட்டும் பார்க்க வேண்டாம். வலியோடு தொடர்ந்து ஆடியதற்கு அவன் மாதக்கணக்கில் விலை கொடுக்கிறான்.

மற்ற ஷாட்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபூஜியின் எழும்பாத பந்து ஸ்லைஸிலிருந்து பிறந்தது. மணல் தூவிய செயற்கைப் புல் கோர்ட்டில் நல்ல ஸ்லைஸ் கணுக்கால் உயரத்தில் வழுக்கும், ஆனால் சுத்தமாக எழும்பாமல் இருக்காது. தெசுகாவின் நெட்டை நோக்கி உருளும் டிராப் ஷாட்டில் பின்சுழற்சி நிஜம், எழும்பாமலே உருள்வது கற்பனை. நிஜத்தில் பின்சுழற்சி பலமாக இருந்தால் பந்து ஒருமுறை எழும்பி நெட்டைத் தாண்டி அடித்தவர் பக்கமே திரும்பலாம். அப்போது எதிராளி நெட்டுக்கு மேலே கையை நீட்டி அடிக்கலாம், நெட்டைத் தொட்டால் புள்ளி போச்சு. எல்லாப் பந்தும் தெசுகாவிடமே திரும்பி வருவதற்குச் சுழற்சிதான் காரணம் என்கிறார்கள். நிஜத்தில் அதற்கு மிக நெருக்கமானது, ஆழமாக நடுவில் அடித்து எதிராளிக்குக் கோணம் கிடைக்காமல் செய்வது. ரியோமா ஒற்றைக்காலில் இறங்கும் ஸ்ப்ளிட் ஸ்டெப் (எதிராளி அடிக்கும் நேரத்தில் போடும் சிறு குதி) மட்டும் முழுக்க நிஜம்: சிறந்த ஆட்டக்காரர்கள் போகவேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கக் காலை முதலில் ஊன்றி, அதைத் தள்ளித்தான் புறப்படுகிறார்கள்.

பயிற்சியில் அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கது இனுயியின் வண்ணப்பந்துப் பயிற்சி. பழைய பந்துகளில் சிவப்பு, நீலம், மஞ்சள் குறி போட்டு, எதிர்ப்பக்கம் அதே மூன்று நிறத்தில் கூம்புகள் வைக்க வேண்டும். பந்து வரும்போதே நிறத்தைக் கண்டுபிடித்து அந்த நிறக் கூம்பை நோக்கி அடிக்க வேண்டும். பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்க இதைவிட நேரான வழி தெரியவில்லை. மெல்லிய கோடு போட்டால் சுழலும்போது தெரியாது, பந்தில் பாதியை மார்க்கரால் அடைத்துவிடுங்கள். மஞ்சள் பந்தில் மஞ்சள் எடுபடாது, கறுப்பு வையுங்கள். போடுபவர் சர்வீஸ் கோட்டில் நின்று கீழ்க்கையால் மெதுவாகப் போடட்டும். முதலில் நிறத்தை வாயால் சொன்னால் போதும், பத்துக்கு எட்டு சரியாக வந்தபிறகு குறிபார்த்து அடிக்கலாம். கூம்பைப் பார்க்கும் ஆசையில் அடிக்கும் முன்பே தலையைத் தூக்கிவிடுவார்கள், பந்து ராக்கெட் விளிம்பில் படும். அப்படி நடந்தால் ஒரு கூம்பை எடுத்துவிட்டு இரண்டு நிறத்தோடு தொடருங்கள். காலில் ஈயத்தகடு கட்டிக்கொண்டு இதைச் செய்வதை மட்டும் விட்டுவிடுங்கள். ஓடும் விதமே மாறி, முழங்காலில் சுமை ஏறும்.